சுறாவின் பல்லும் கொசுவின் ஊசியும்: 'ஆபத்தான விலங்கு' என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

அகலமான ஒரு தொட்டி. உள்ளே கடல்நீர், அடியில் மணல். அந்த மணலுக்குள் ஒரு தட்டைமீன் உடம்பு முழுவதையும் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. மேலே ஒரு சிறு சுறா நீந்தி வருகிறது. மீன் அதன் கண்ணில் பட வழியே இல்லை. இருந்தும், ஒரு சாணுக்கும் குறைவான தூரத்துக்கு வந்ததும் சுறா சட்டென்று திரும்பி, மணலுக்குள் மூஞ்சியை விட்டு மீனைக் கவ்விவிடுகிறது.

அதற்கு எப்படித் தெரிந்தது? அட்ரியானஸ் கால்மைன் என்ற டச்சு ஆய்வாளர் 1971இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கேள்வியைத்தான் படிப்படியாகத் துரத்தினார். முதலில் உயிருள்ள மீனை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் கூழால் செய்த பெட்டிக்குள் வைத்து மணலில் புதைத்தார். பெட்டிக்குள் ஓடும் தண்ணீர் தள்ளியிருக்கும் வேறோர் இடத்தில் வெளியேறும். மீன் வாடையும் அங்கேதான் வரும். சுறாவோ வாடை வந்த பக்கம் போகாமல், நேராக மீன் இருந்த இடத்தையே தாக்கியது. அடுத்து உயிருள்ள மீனை எடுத்துவிட்டு, வெட்டிய மீன் துண்டுகளை வைத்தார். இப்போது சுறா வாடை வெளியேறும் இடத்தைத் தேடிப் போனது. மூன்றாவது முறை உயிருள்ள மீனை வைத்து, பெட்டியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார். சுறா ஒன்றும் தெரியாமல் அதன் மேலேயே நீந்திக் கடந்து போனது. அகர் வழியாக மின்சாரம் கசியும், பிளாஸ்டிக் வழியாகக் கசியாது. கடைசியில் மீனே இல்லாமல், மீன் உடம்பில் எழும் அளவுக்கு மெல்லிய மின்சாரம் தரும் இரண்டு மின்முனைகளை மட்டும் மணலுக்குள் வைத்தார். சுறா அவற்றை இரையென்று நினைத்துத் தோண்டிக் கடித்தது.

விலங்குகளைப் பற்றி நான் படித்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்து, கடைசியில் திறந்திருக்கும் ஒற்றைக் கதவைக் காட்டிவிடுகிறது.

உயிருள்ள எந்த உடம்பிலும் மின்சாரம் உண்டு. இதயம் துடிப்பதும் தசை அசைவதும் அதனால்தான். உப்புநீரில் அது கொஞ்சம் வெளியே கசியும். சுறாவின் மூஞ்சிக்கு அடியில் உற்றுப் பார்த்தால், மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு துளை. உள்ளே கூழ் நிரம்பிய சிறு குழாய், அதன் அடியில் மின்சாரத்தை உணரும் அணுக்கள். இத்தாலியரான ஸ்டெஃபானோ லொரென்சினி 1678இலேயே இந்தத் துளைகளை விவரித்து எழுதிவிட்டார். ஆனால் அவை எதற்கு என்று தெரிய ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு வோல்ட்டின் நூறு கோடியில் ஐந்து பங்கு அளவுக்கு மின்வேறுபாடு இருந்தாலே சுறாக்களால் உணர முடியும் என்று கால்மைனின் அளவீடுகள் காட்டின.

சுறா என்றதும் நம் மனத்தில் வருவது பல்தான். அதனால்தான் வேண்டுமென்றே மூஞ்சியிலிருந்து தொடங்கினேன். ஆபத்தான விலங்கு என்று நாம் பெயரிட்டதும் அந்த விலங்கைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறோம். பயம் வந்த இடத்தில் கவனம் நின்றுபோகிறது. எது உண்மையில் ஆபத்து, எப்படி ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ளவும் அந்தக் கவனம்தான் தேவை.

மரங்களுக்கு மூத்தவை

சுறாக்களின் வம்சம் 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. நிலத்தில் மரம் என்று சொல்லத்தக்கவை தோன்றியது சுமார் 39 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பூமியில் முதல் காடு தழைப்பதற்கு முன்பே கடலில் சுறாக்களின் மூதாதையர் நீந்திக்கொண்டிருந்தார்கள். டைனோசர்கள் வந்து மறைந்த காலமெல்லாம் இவற்றின் கதையில் பிந்தைய அத்தியாயம்.

இன்று 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரிது திமிங்கலச் சுறா. 18 மீட்டர் வரை வளரும், அதாவது ஒரு பேருந்தைவிட நீளம். உலகிலேயே மிகப் பெரிய மீனும் அதுதான். அவ்வளவு பெரிய வாயைத் திறந்து அது வடிகட்டித் தின்பது நுண்ணுயிர்களையும் மீன்முட்டைகளையும் சின்னஞ்சிறு இறால் வகைகளையும். மறுமுனையில், உள்ளங்கையில் அடங்கும் குள்ள விளக்குச் சுறா இருக்கிறது. சுமார் 20 சென்டிமீட்டர்தான். இருண்ட ஆழத்தில் வாழ்வதால் வயிற்றுப் பக்கம் தானே மெல்ல ஒளிரும்.

சுறாவின் உடம்பில் எலும்பு கிடையாது. நம் காதுமடலிலும் மூக்கு நுனியிலும் இருப்பது போன்ற குருத்தெலும்புதான் முழுக்க. அதனால் உடம்பு இலேசாகவும் நன்றாக வளைவதாகவும் இருக்கிறது. மற்ற மீன்களுக்கு உள்ள காற்றுப்பையும் இல்லை. எண்ணெய் நிறைந்த மிகப் பெரிய ஈரல்தான் அது மூழ்காமல் இருக்க உதவுகிறது. தோலைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழவழப்பாக இருக்கும். எதிர்ப்பக்கமாகத் தடவினால் உப்புத்தாள் போலக் கையை அராவும். தோல் முழுக்கப் பதிந்திருப்பவை செதில்கள் அல்ல, பற்கள் என்றே சொல்லலாம். பல்லில் இருப்பது போலவே எனாமல் போன்ற கடினமான பூச்சும் அடியில் பற்கூழும் கொண்ட நுண்ணிய அமைப்புகள் அவை. நீரின் உராய்வைக் குறைப்பதும் அவற்றின் வேலை.

வாயில் உள்ள பற்கள் வரிசை வரிசையாக இருக்கும். முன்வரிசையில் ஒன்று விழுந்தால் பின்வரிசையிலிருந்து இன்னொன்று நகர்ந்து வரும். வாழ்நாளில் பல ஆயிரம் பற்களை ஒரு சுறா இழக்கக்கூடும். குருத்தெலும்பு சீக்கிரம் சிதைந்துவிடும், பல் நிலைத்து நிற்கும். பழங்காலச் சுறாக்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தப் பற்களிலிருந்து தெரிந்ததுதான்.

இரத்தத்தைப் பற்றிய கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு துளி இரத்தத்தை மைல் கணக்கான தூரத்திலிருந்து சுறா மோப்பம் பிடித்துவிடும் என்பார்கள். சுறாவுக்கு நல்ல மோப்பத் திறன் உண்டு என்பது உண்மை. ஆனால் வாசனை என்பது தண்ணீரில் கரைந்து வரும் பொருள். நீரோட்டம் அதைச் சுமந்து சுறாவின் மூக்குவரை கொண்டுவந்தால்தான் தெரியும், அதற்குள் அது நீர்த்துப் போகாமலும் இருக்க வேண்டும். கடலில் ஒரு துளிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பிறப்பில் நடப்பது இன்னும் விசித்திரம். மணற்புலிச் சுறாவின் தாய்க்கு இரண்டு கருப்பைகள். ஒவ்வொன்றிலும் முதலில் வளர்ந்துவிடும் குட்டி, தன்னோடு இருக்கும் மற்றக் கருக்களைத் தின்றுவிடும். கடைசியில் கருப்பைக்கு ஒன்று வீதம் இரண்டு குட்டிகள் மட்டுமே பிறக்கின்றன, பிறக்கும்போதே சுமார் ஒரு மீட்டர் நீளத்தில். அமெரிக்காவின் ஒமாஹா விலங்குக்காட்சிச் சாலையில் 2001இல் வேறொரு வியப்பு நடந்தது. ஆண் துணையே இல்லாமல் இருந்த சுத்தித்தலைச் சுறா வகையொன்றின் தொட்டியில் ஒரு குட்டி பிறந்திருந்தது. 2007இல் வெளியான மரபணு ஆய்வு, அந்தக் குட்டிக்குத் தந்தையே இல்லை என்பதை உறுதிசெய்தது. தாயின் முட்டை கருவுறாமல் தானாகவே குட்டியாக வளர்ந்திருக்கிறது.

கடி எப்படி நேர்கிறது?

மனிதரைக் கடித்த பதிவுகளில் பெரும்பாலானவை மூன்று இனங்களைச் சேர்ந்தவை. பெரிய வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. இவற்றில் காளைச் சுறா உப்புநீரில் மட்டுமல்ல, நன்னீரிலும் வாழக்கூடியது. உடம்பில் உப்பின் அளவைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சிறுநீரகமும் சுரப்பியும் அதற்கு உண்டு. நிகரகுவா ஏரியில் இவை வாழ்கின்றன. 1937இல் ஒன்று மிசிசிப்பி ஆற்றில் ஏறி, கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் ஆல்டன் என்ற ஊர் அருகே பிடிபட்டது.

அமெரிக்காவில் ஃபுளோரிடா அருங்காட்சியகம் பராமரிக்கும் பன்னாட்டுச் சுறாத் தாக்குதல் பதிவேட்டின்படி, மனிதர் சீண்டாமலேயே சுறா கடித்த நிகழ்வுகள் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சராசரியாக 60 முதல் 70 வரை. அவற்றில் உயிரிழப்பவர்கள் பொதுவாக ஐந்தாறு பேர். ஆண்டுக்கு ஆண்டு இந்த எண் ஏறி இறங்கும்.

பெரும்பாலான கடிகளில் சுறா ஒருமுறை கடித்துவிட்டு விலகிப் போய்விடுகிறது. இதற்கான காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகக் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், கீழிருந்து மேலே பார்க்கும் இளம் வெள்ளைச் சுறாவின் கண்ணுக்கு, நீந்துபவரும் அலைச்சறுக்குப் பலகையில் துடுப்புப் போடுபவரும் கடல்சிங்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரிவார்கள் என்று காட்டியது. பல சுறா இனங்களுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இன்னொரு விளக்கம், தெரியாத பொருளைக் கையால் தொட்டுப் பார்ப்பது போல அது வாயால் தொட்டுப் பார்க்கிறது என்பது. எப்படியிருந்தாலும் வெள்ளைச் சுறாவின் அந்த ஒரு 'தொடுதலே' பெரிய இரத்தநாளத்தைக் கிழித்துவிடப் போதும். இறப்புகள் பெரும்பாலும் இரத்தப்போக்கால்தான். கரைக்குக் கொண்டுவந்ததும் காயத்தை இறுக அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. விடியலிலும் அந்தியிலும், கலங்கிய நீரில், மீன்கூட்டம் துள்ளும் இடத்தில், பளபளக்கும் நகையோடு நீந்தாமல் இருப்பது நல்லது.

ஆபத்து என்பது விலங்கிடம் மட்டும் இல்லை

சுறாவைப் பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி ஓர் ஒப்பீடு வரும். 'மின்னல் தாக்கி இறப்பவர்கள்கூடச் சுறா கடித்து இறப்பவர்களைவிட அதிகம், ஆகவே பயப்படாதீர்கள்.' நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. உலக மக்களில் பெரும்பாலோர் கடலில் கால் நனைக்கவே போவதில்லை. அவர்களுக்குச் சுறா ஆபத்து பூச்சியம். தினமும் விடியற்காலையில் கடல்சிங்கங்கள் மிகுந்த கரையில் அலைச்சறுக்குபவருக்கு அந்த ஆபத்து பூச்சியம் அல்ல. இருவரையும் ஒரே சராசரிக்குள் போட்டால் இருவருக்குமே உண்மை தெரியாது.

ஆகவே ஒரு விலங்கு ஆபத்தானதா என்று கேட்கும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அதனால் எவ்வளவு தீங்கு செய்ய முடியும்? நாம் அதை எவ்வளவு அடிக்கடி, எந்த நிலையில் எதிர்கொள்கிறோம்? தீங்கு நேர்ந்த பிறகு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும்? பயம் முதல் கேள்வியை மட்டுமே கேட்கிறது. உயிர்கள் போவது பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான்.

இதற்குப் பாம்புகளைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. எலிகளிடம் செய்த ஆய்வகச் சோதனைகளின்படி உலகிலேயே வீரியம் மிகுந்த நஞ்சுள்ள பாம்பு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பான். 1879இல் விவரிக்கப்பட்ட பிறகு பல பத்தாண்டுகள் ஆய்வாளர் கண்ணில் படாமலேயே இருந்து, 1972இல்தான் மறுபடி அறியப்பட்டது. வறண்ட களிமண் நிலத்தின் வெடிப்புகளுக்குள் எலிகளைத் தேடி வாழும் கூச்சமான பாம்பு அது. அங்கே மனித நடமாட்டம் மிகக் குறைவு. அதன் கடியால் மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை.

இன்னொரு பக்கம் சுருட்டை விரியன். பெரும்பாலும் இரண்டடிக்கு மேல் போகாது. நஞ்சின் வீரியத்தில் தைப்பானுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இந்தியத் துணைக்கண்டத்திலும், மக்கள் உழுது நடந்து விறகு பொறுக்கும் நிலத்திலேயே அது வாழ்கிறது. மண் நிறத்தில் சுருண்டு கிடக்கும். சீண்டினால் உடம்பின் மடிப்புகளை ஒன்றோடொன்று உரசும். அப்போது அதன் செதில்கள் எழுப்பும் ஓசை, சூடான கல்லில் தண்ணீர் தெளித்தது போல இருக்கும். இருட்டில் வெறுங்காலோடு வருபவர் அதைக் கேட்பதற்குள் மிதித்துவிடுவார். உலகில் அதிக உயிர்களைப் பறிக்கும் பாம்புகளில் இதுவும் ஒன்று.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். அதைப் போல மூன்று மடங்கு பேர் கை கால் இழப்பு போன்ற நிரந்தர ஊனத்தோடு வாழ்கிறார்கள். பெரும்பாலோர் ஏழை உழவர்கள், கூலித் தொழிலாளர்கள், குழந்தைகள். 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெத் போன்றோர் வழிகாட்டிய விஷமுறிவு மருந்து இன்றும் அடிப்படையில் அதே முறையில்தான் தயாராகிறது. குதிரைக்கு நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். மருந்து இருக்கிறது. அது இருக்கும் மருத்துவமனைக்கும் கடிபட்டவருக்கும் இடையிலான தூரம்தான் உயிரைப் பறிக்கிறது. நூற்றுமுப்பது ஆண்டுகளாகத் தெரிந்த மருந்து எட்டாததால் ஒருவர் சாவதை 'பாம்பு கொன்றது' என்று மட்டும் எழுதி முடித்துவிட என்னால் முடியவில்லை.

கடிபட்ட இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுகக் கட்டுவது எல்லாமே கெடுதல். கடிபட்டவரை அசையவிடாமல் படுக்கவைத்து, சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி.

ஆறு ஊசிகள்

இப்போது கொசு. கையில் உட்காரும் கொசுவின் வாய் நமக்கு ஒற்றை ஊசியாகத் தெரியும். நமக்குத் தெரிவது உறை மட்டுமே. அது தோலுக்குள் போகாது, குத்தும்போது முழங்கை போல மடங்கி வெளியிலேயே நிற்கும். உள்ளே போவது ஆறு மெல்லிய ஊசிகள். இரண்டின் நுனியில் ரம்பம் போன்ற பற்கள் இருக்கும், அவை தோலை அறுத்து வழி செய்யும். இரண்டு அந்த வழியை விலக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒன்று குழாய். அது தோலுக்கடியில் இப்படியும் அப்படியும் வளைந்து இரத்தநாளத்தைத் தேடும், கிடைத்ததும் உறிஞ்சும். ஆறாவது ஊசி எச்சிலைச் சொட்டும். அந்த எச்சில் இரத்தத்தை உறையவிடாது. பிறகு நமக்கு அரிப்பெடுப்பதும் அதனால்தான்.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டைகள் வளர இரத்தத்தில் உள்ள புரதம் வேண்டும். ஆண் கொசு தேனையும் செடிச்சாற்றையும் குடித்து வாழ்ந்துவிடும். 3,000க்கும் மேற்பட்ட கொசு இனங்களில் மனிதரிடையே மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் வகையில் சில டஜன் இனங்கள்தான். செகந்தராபாத்தில் பணியாற்றிய ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர், 1897 ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் கண்டார். அதுவரை சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் வரும் நோய் என்றே பலர் நம்பியிருந்தார்கள். 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

2023இல் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 68 பேர். சுறாக்களால் ஓர் ஆண்டில் போகும் உயிர்களுக்குச் சமமான உயிர்கள் மலேரியாவால் ஐந்தாறு நிமிடத்தில் போகின்றன. இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். டெங்கு, மஞ்சள் காய்ச்சல் கணக்கெல்லாம் இதில் சேரவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, கொசுவிடம் தனக்கென்று நஞ்சு எதுவும் இல்லை. நோயுள்ள ஒருவரைக் கடித்தபோது வாங்கிக்கொண்ட ஒட்டுண்ணியை அது இன்னொருவரிடம் சேர்க்கிறது. ஒரு கொசுவலையும், நேரத்துக்குக் கிடைக்கும் மாத்திரையும் அந்தச் சங்கிலியை அறுத்துவிடும். கொசுவின் ஆபத்து இரண்டு மனிதருக்கு நடுவில் உருவாகிறது.

நாயும் இப்படித்தான். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாய்க்கடியால் வருகிறது, ஆண்டுதோறும் சுமார் 59,000 உயிர்கள் போகின்றன என்பது மதிப்பீடு. நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. அறிகுறி தெரியும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டால் ஏறத்தாழ எல்லோரும் பிழைக்கலாம். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர், ஜோசஃப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அந்தத் தடுப்பூசியை முதன்முதலில் போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

அழகான நஞ்சுகள்

மீண்டும் கடலுக்கு வருவோம். நீலவளைய ஆக்டோபஸ் கைக்குள் அடங்கிவிடும். மிரண்டால் உடம்பில் நீல வளையங்கள் பளிச்சென்று மின்னும். அழகாக இருக்கிறதே என்று கையில் எடுப்பவர்களைத்தான் கடிக்கிறது. கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது. அதன் எச்சிலில் உள்ள டெட்ரோடாக்சின், பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை அது தடுத்துவிடும். நினைவு தெளிவாக இருக்க, கை கால் அசையாமல் போய், கடைசியில் மூச்சு விடும் தசையும் நின்றுபோகும். இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் நஞ்சு உடம்பிலிருந்து வெளியேறும்வரை வேறொருவர் விடாமல் செயற்கை மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தால் பிழைத்துவிடலாம்.

பெட்டி ஜெல்லிமீன் ஒளி ஊடுருவும் உடம்போடு இருப்பதால் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. அதற்கோ 24 கண்கள். மூளை என்று சொல்ல ஒன்றுமில்லாத உயிருக்கு இத்தனை கண்கள் இருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆஸ்திரேலியக் கரைகளில் உள்ள பெரிய இனத்தின் மூன்று மீட்டர் நீளக் கரங்கள் உடம்பில் அதிகமாகச் சுற்றிக்கொண்டால் சில நிமிடங்களிலேயே இதயம் நின்றுபோகலாம். அங்கே கடற்கரைகளில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். ஏற்கெனவே ஏறிய நஞ்சை வினிகர் முறிக்காது, இன்னும் வெடிக்காமல் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் அணுக்களை மட்டும் செயலிழக்கச் செய்யும்.

கடித்தால் நமக்கு நஞ்சு ஏறுவது ஒரு வகை, நாம் தொட்டாலோ தின்றாலோ நஞ்சு ஏறுவது வேறு வகை. கொலம்பியாவின் தங்கநிற நச்சுத்தவளை இரண்டாவது வகை. எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்பு நுனியை அதன் முதுகில் தேய்த்து வேட்டைக்குப் போவார்கள். அந்த நஞ்சைத் தவளை தானே உண்டாக்குவதில்லை, தின்னும் சிறு பூச்சிகளிலிருந்து பெறுவதாகவே கருதப்படுகிறது. கூண்டில் வேறு தீனி கொடுத்து வளர்த்த தவளையிடம் நஞ்சு இருக்காது.

எனக்கு மிக நெருக்கமான உயிர் கூம்பு நத்தை. நத்தை மீன் பிடிக்கும் என்றால் நம்ப முடிகிறதா? அதன் பல் ஒன்று உள்ளீடற்ற ஈட்டியாக மாறியிருக்கிறது. நீண்ட தும்பிக்கை போன்ற உறுப்பை மெல்ல நீட்டி, மீனைத் தொட்டதும் ஈட்டியைச் செலுத்திவிடும். மீன் அந்த இடத்திலேயே விறைத்துப்போகும். ஒரு கூம்பு நத்தை இனம் தண்ணீரில் இன்சுலினைக் கலந்து, மீன்களின் இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தி மயங்கவைத்து, வாயை வலை போல விரித்து விழுங்குகிறது என்று 2015இல் ஆய்வு ஒன்று காட்டியது. ஓடு அழகாக இருப்பதால் கையில் எடுத்து, அதனால் இறந்தவர்களும் உண்டு.

பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமேரோ ஒலிவேராவும் அவரிடம் பயின்ற மாணவர்களும் இந்த நஞ்சைக் கூறுகூறாகப் பிரித்தார்கள். நூற்றுக்கணக்கான சிறு புரதத் துணுக்குகளின் கலவை அது. ஒவ்வொன்றும் நரம்பின் வெவ்வேறு பூட்டுக்குச் சாவி போலப் பொருந்துகிறது. அவற்றில் ஒன்றின் அடிப்படையில் உருவான ஸிகோனோடைட் என்ற வலிமருந்துக்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது. மார்பின் போன்ற மருந்துகளும் கேட்காத கடும் வலியில் இருப்பவர்களுக்கு முதுகுத்தண்டு நீரில் செலுத்துகிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு இலட்சக்கணக்கானோர் உட்கொண்ட கேப்டோப்ரில் மாத்திரைக்கு வழிகாட்டியதும் பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சுதான்.

சுறாவுக்கு நாம்

மூன்று கேள்விகளையும் சுறாவின் பக்கம் நின்று மனிதரைப் பற்றிக் கேட்டால் வரும் விடை கடினமானது. நம்மால் மிகப் பெரிய தீங்கு செய்ய முடியும். எல்லாக் கடலிலும் தினமும் எதிர்கொள்கிறோம். பிறகு அவற்றுக்கு உதவியும் இல்லை. துடுப்புக்காகவும் இறைச்சிக்காகவும், வேறு மீனுக்கு விரித்த வலையில் தவறிச் சிக்கியும், ஆண்டுதோறும் சுமார் 8 கோடி சுறாக்கள் மீன்பிடிப்பில் இறக்கின்றன என்று 2024இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970இலிருந்து 71 விழுக்காடு சரிந்துவிட்டதாக 2021இல் இன்னோர் ஆய்வு சொன்னது.

மத்தி மீன் போல இவை இலட்சக்கணக்கில் முட்டையிட்டு ஈடுகட்ட முடியாது. பல இனங்கள் மெதுவாக வளர்ந்து, தாமதமாகப் பருவமடைந்து, சில குட்டிகளை மட்டுமே ஈனுகின்றன. பெண் வெள்ளைச் சுறா குட்டி ஈனும் பருவத்தை அடைய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த ஆழத்தில் வாழும் கிரீன்லாந்துச் சுறாவின் கண்வில்லையில் உள்ள கார்பனை அளந்து 2016இல் வயதைக் கணித்தார்கள். ஆய்வு செய்த மிகப் பெரிய சுறாவின் வயது 272க்குக் குறையாது, 392ஆக இருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு நீண்ட ஆயுள் வேறெதற்கும் தெரியவரவில்லை. அதே ஆய்வின்படி பெண் கிரீன்லாந்துச் சுறா பருவமடைய ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன. 1870களில் பிறந்த ஒரு பெண் சுறா, வழியில் எந்த வலையிலும் சிக்காமல் இருந்திருந்தால், இந்தப் பத்தாண்டில்தான் முதன்முறையாகத் தாயாகப் போகிறது.